அணைக்காத வண்டி

ஜூன் 11, புதன்

செவ்வந்தி இறந்துவிட்டாள். இருபத்தாறு வயது. லயன் வீட்டிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை நன்றாக இருக்கிறது. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நானும் டிரைவர் தவசிமுத்து அண்ணனும் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தினோம். வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. டக், டக் என்றது, அவ்வளவுதான்.

பேட்டரி போய்விட்டது. மழையில் ஆம்பளைகளும் பொம்பளைகளுமாகச் சேர்ந்து வண்டியைச் சரிவு வரைக்கும் தள்ளினார்கள். சேற்றில் சக்கரம் சுழன்றது. ஒருவழியாக ஸ்டார்ட் ஆகிக் கவர்க்கல் ஏற்றம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கியபோது நாடி கிடைக்கவில்லை. ஆழியாறு வரைக்கும் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தேன். பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

திரும்பி வரும்போது தவசிமுத்து அண்ணன் அட்டகட்டியில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதார். "ஒரு பேட்டரி சிஸ்டர். ஒரு பேட்டரிக்காக ஒரு பச்ச ஒடம்புக்காரி."

"இனிமே வண்டிய அணைக்கவே அணைக்காதீங்கண்ணே. ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஓடுற வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகாமப் போகும்?" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

சீருடையை மூன்று தண்ணீரில் அலசியும் கறை போகவில்லை. நாளைக்கு வேறு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 14, சனி

புது பேட்டரி வந்துவிட்டது. இரண்டு மாதமாகக் கேட்டதற்கு வராதது, ஒரு சாவு விழுந்ததும் மூன்றாம் நாளே வந்து இறங்கியது. மேனேஜர் கருணாகரன் சார் பக்கத்தில் நின்று மாட்டச் சொன்னார். தானே செய்து கொண்டுவந்த மாதிரி ஒரு முகம்.

மஞ்சம்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கும் சுற்றியுள்ள தொழிலாளர் லயன்களுக்கும் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஆம்புலன்ஸ். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் தவசிமுத்து அண்ணனும்தான். அவசரம் என்றால் மலையிறங்கிப் பொள்ளாச்சி போக வேண்டும்.

பேட்டரி புதிது, தொட்டதும் எடுக்கிறது. அப்படியும் அண்ணன் இன்ஜினை அணைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்து ஓடிக்கொண்டே நின்றது. "சிஸ்டர் சொன்னதுதான் சரி" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தேன். மழை விடவில்லை. மகன் ஆல்வினின் காலுறை மூன்று நாளாகக் காயவில்லை, அடுப்புக்கு மேல் கட்டியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பையன் இன்னும் காலுறையை எங்கே கழற்றுகிறோம் என்று தெரியாமல் கழற்றுகிறான். அவன் அப்பாவும் அப்படித்தான்.

பூரணம் அக்கா வந்திருந்தார், தவசிமுத்து அண்ணனின் மனைவி. அண்ணன் இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்துபோய் வண்டியை ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓடவிட்டு வருகிறாராம். "தூங்குற மனுசன் திடீர்னு எந்திரிச்சு ஓடுதாரு. என்னன்னு கேட்டா, குளிர்ல பேட்டரி செத்துரும்ங்காரு. நீ சொன்னாக் கேப்பாரு ரெஜினா."

சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

மேனேஜர் டீசல் கணக்கைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போகாத ஊருக்கெல்லாம் எங்கே ஓடியது என்று கேட்டார். "வண்டிக்குள்ள இருக்கிற மெஷினெல்லாம் சார்ஜ்ல இருக்கணும் சார், இன்ஜின் ஓடினாத்தான் ஏறும்" என்று சொல்லிவிட்டேன். எப்படித்தான் எனக்கு இப்படி வாயில் வருகிறதோ. அவரும் நம்பிவிட்டார்.

வெளியே வந்து அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். செவ்வந்தி போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வண்டி கரும்புகை கக்குகிறது. ஏற்றத்தில் புல்லிங் இல்லை. இன்று இடுப்பு எலும்பு முறிந்த ஒரு தாத்தாவை ஏற்றிப் போனோம். கவர்க்கல் ஏற்றத்தில் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு போனது. தாத்தாவின் மகன் இறங்கி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான். வண்டியை விட அவன் வேகமாக நடந்தான். தாத்தா படுத்தபடியே, "நான் வேணா எறங்கிக்கிடட்டுமா" என்றார். சிரித்துவிட்டேன், அண்ணன் சிரிக்கவில்லை.

டீசல்தான் மோசம், வேறென்ன. கலப்பட டீசல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பொள்ளாச்சியில் ஒரு பிரசவ கேஸை இறக்கிவிட்டு, பாலக்காடு ரோட்டில் சென்னியப்பன் ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டோம். பிரசவத்துக்கு வந்தவளின் மாமியார் துணிப்பையை வண்டியிலேயே மறந்துவிட்டதால், அண்ணன் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

சென்னியப்பன் காற்று உள்ளே போகிற குழாயைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே வால்வு இருக்கிற இடம் முழுக்கக் கறுப்பு. பணியாரச் சட்டியில் அடிப்பிடித்த மாதிரி, ஆனால் ஈரமாக, தார் போல. விரலால் சுரண்டி என் கண்முன் நீட்டினார்.

"பாத்தீங்களாக்கா. இத்தனூண்டு சந்துலதான் உங்க வண்டி மூச்சு வாங்கீட்டு இருக்குது."

"டீசல் சரியில்லையா?"

"டீசலெல்லாம் இல்லீங்க. இந்த வண்டியில ஈ.ஜி.ஆர்.னு ஒண்ணு இருக்குதுங்க. போற புகையில கொஞ்சத்தை மறுக்கா இன்ஜினுக்குள்ளயே அனுப்பீரும். ஊர்க் காத்து கெடாம இருக்கோணும்னு கம்பெனிக்காரன் வெச்சிருக்கறான். வண்டி நல்லா ஓடி சூடேறுச்சுன்னா பெருசா ஒண்ணும் ஒட்டாதுங்க. ஒரே எடத்துல நிக்கவெச்சு ஓடவிட்டா சூடு ஏறாது. அந்தப் புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேந்து வால்வு மேல அப்பிக்கும்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வண்டிய ரொம்ப நேரம் நிக்கவெச்சு ஓடவிடறீங்களா?"

"கொஞ்ச நேரம்" என்றேன்.

"கொஞ்ச நேரத்துல இத்தனை கரி வராதுங்க்கா. இன்ஜின் ஹெட்டை இறக்கிச் சுத்தமாச் சொரண்டோணும், நாலு நாள் வண்டிய உடுங்க. அது முடியலீன்னா, இனிமேல் நிக்கறப்ப சாவியத் திருப்பி அணைச்சுப்போடுங்க. இப்பிடியே உட்டா எங்கியாச்சும் ஏத்தத்துல நின்னுபோகும். டிரைவர்கிட்டச் சொல்லீருங்க."

"நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்ல வேணாம்" என்றேன்.

நாலு நாள் வண்டி இல்லாமல் மலையில் என்ன செய்வது. கைக்கு எட்டிய வரைக்கும் சுரண்டி, மருந்து அடித்துக் கொடுத்தார். அண்ணன் திரும்பி வந்து, "என்னவாம் சிஸ்டர்?" என்றார்.

"டீசல் மோசமாம்ணே. வேற பங்க்ல போடச் சொன்னாரு."

இரண்டு மாதமாக அந்த மனுஷன் தூக்கம் கெட்டுக் காப்பாற்றிய வண்டி. அதை அவரே கெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது. அவர் மனசு தாங்காது. அதனால்தான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

அதனால்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

சுரண்டி விட்டதில் புகை குறைந்திருக்கிறது. அண்ணன் புது பங்க் டீசலைப் பாராட்டுகிறார். பங்கில் இன்ஜினை அணைக்கச் சொல்வார்கள் என்பதால் கேனில் வாங்கி வந்து ஊற்றுகிறார். கேனை ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சண்டை போட்டேன்.

வேறு வழியில் சொல்லிப் பார்த்தேன். சத்தத்தில் டாக்டருக்குத் தலைவலியாம், அணைத்துவிடுங்கள் என்றேன். டாக்டரை வேறு பக்கம் உட்காரச் சொல்லுங்கள் என்றார். மேனேஜர் டீசலுக்குக் கத்துகிறார் என்றேன். தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். கடைசியில், "பேட்டரி புதுசுண்ணே, எதுக்கு இந்தப் பயம்?" என்று கேட்டேன்.

"சாவிய இந்தப் பக்கம் திருப்பினா அந்த டக் டக் சத்தம் காதுல கேக்குது சிஸ்டர். உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. நான் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மத்தியானம் வண்டி நின்றுவிட்டது.

அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சாவி அதன் இடத்தில்தான் இருந்தது. சத்தம் நின்றதும் அவர் எச்சில் கையோடு, செருப்பில்லாமல், லயனிலிருந்து ஓடி வந்தார். அந்த வயசில் அந்த ஓட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"என்னாச்சு? யாரு அணைச்சது?"

"யாரும் அணைக்கலைண்ணே. தானா நின்னுருச்சு."

அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். தொட்டதும் எடுத்தது. எப்படி எடுத்தது பாருங்கள், பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, இதைத்தான் அவர் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. "ஓடிக்கிட்டு இருந்த வண்டி, தானா நின்னுருச்சா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சோற்றுப் பருக்கை ஒட்டிய கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

மருந்துப் பெட்டியில் இரண்டு ஊசி மருந்து காலாவதி. மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணன் இப்போது வண்டியிலேயே படுக்கிறார். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு. இன்ஜின் விடிய விடிய ஓடுகிறது. தானாக நிற்கிற வண்டியைத் தனியாக விட முடியாதாம்.

பூரணம் அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்கிறேன் என்று சொன்னேனே, அந்தக் கோபம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆல்வினுக்குக் காலாண்டுத் தேர்வு. இயற்பியல் சுமார் என்கிறான். அவன் சுமார் என்றால் மோசம் என்று அர்த்தம். இந்த ஒரு வருஷம் ஒழுங்காகப் படித்து மேலே போய்விட்டால் போதும். அவன் அப்பா இறந்த பிறகு இந்த வேலை கிடைத்ததால்தான் இந்த லயன் வீடு எங்கள் கையில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை இல்லாதவருக்கு வீடு இல்லை. ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள். எத்தனை பேர் சாமான்களோடு ஜீப் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மலையில் பிறந்தவர்களுக்குக் கீழே போனால் யாரைத் தெரியும்?

இதை எதற்கு இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 8, புதன்

இன்று எதையும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளையம்மாள் கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே விழுந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது, மஞ்சம்பாறையில் அவள் வேகத்துக்குக் கொழுந்து எடுக்க ஆள் கிடையாது. நான் போனபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்கச் சொன்னேன், இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். பக்கவாதம். சீக்கிரம் கொண்டுபோனால் ஊசி போட்டு உறைந்த ரத்தத்தைக் கரைத்துவிடலாம். கோயம்புத்தூருக்கே நேராகப் போவது என்று முடிவு செய்தோம். நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

கவர்க்கல் ஏற்றத்தில் மூடுபனி. டேஷ்போர்டில் இன்ஜினுக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. அண்ணன் இரண்டாவது கியர் போட்டார், முதல் கியர் போட்டார், ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்னால் கறுப்பாகப் புகை வந்து மூடுபனியோடு கலந்தது. வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. அவர் சாவியைத் திருப்பினார். பேட்டரி இருந்தது, செல்ஃப் சுற்றியது. நன்றாகவே சுற்றியது. இன்ஜின்தான் பிடிக்கவில்லை.

போனில் சிக்னல் இல்லை. அண்ணன் சாலையில் முன்னும் பின்னும் ஓடினார். வெள்ளையம்மாள் என் சேலை நுனியை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தையும் வார்த்தையாக வரவில்லை. கீழேயிருந்து காய்கறி வண்டி ஒன்று எதிரே வந்தது. முட்டைக்கோஸ் மூட்டைகளைச் சாலையில் இறக்கிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு, வந்த வழியே திருப்பினார்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். கை வருமா, பேச்சு வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் சென்னியப்பன் ஒர்க் ஷாப்பில் விட்டிருக்கிறார்கள். மேனேஜரே போயிருந்தார். ஹெட்டை இறக்கி வால்வைப் போட்டோ எடுத்து வந்து டாக்டருக்கும் எனக்கும் போனில் காட்டினார். வால்வின் தண்டே தெரியவில்லை, அவ்வளவு கரி. நான் முதல் தடவை பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆபீஸில் விசாரணை. மேனேஜர், டாக்டர், சங்கத்துத் தலைவர், நான், தவசிமுத்து அண்ணன்.

வண்டியை மாதக்கணக்கில் நிற்கவைத்தே ஓடவிட்டதால்தான் இன்ஜின் கரியில் அடைத்துக்கொண்டது என்று சென்னியப்பன் சொன்னதை மேனேஜர் சொன்னார். "அப்படி ஓடவிடச் சொன்னது யாரு?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல சார். நானாத்தான் செஞ்சேன்."

"தெரியாம செஞ்சேன்னு சொன்னாக்கூட விட்ரலாம் தவசிமுத்து. மெக்கானிக் ஆகஸ்ட் மாசமே உங்க ஆளுங்ககிட்டச் சொல்லிட்டேங்கிறான். அணைச்சு வைங்க, இல்லேன்னா ஏத்தத்துல நின்னுரும்னு தெளிவாச் சொன்னானாம். உங்கிட்டச் சொன்னானா இல்லையா?"

இதை அவர் முதல்முறையாகக் கேட்கிறார். அவர் முகத்தில் அது தெரிந்தது. துணிப்பை, ஆஸ்பத்திரி, திரும்பி வந்தது, டீசல் மோசம் என்று நான் சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் ஓடியது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார்" என்றார். "எங்கிட்டத்தான் சொன்னாரு."

வேலை போய்விட்டது. தெரிந்தே செய்ததால் சங்கமும் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஒவ்வொரு வருஷமும் போல தவசிமுத்து அண்ணன் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. அவருடைய சின்ன மகள் தூக்குவாளியை வைத்துவிட்டு, "அம்மா குடுக்கச் சொன்னாங்க அத்தை" என்று ஓடிவிட்டாள். ஆல்வின் நான்கு சாப்பிட்டான். நான் தூக்குவாளியைக் கழுவி வைத்தேன்.

அக்டோபர் 25, சனி

வெள்ளையம்மாளைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அவள் மகள், "நீங்க அன்னிக்குக் கூட இல்லைன்னா அம்மா செத்துருக்கும்" என்றாள்.

காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு, அந்த வலது கைக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று மகளுக்குக் காட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

காலையில் தவசிமுத்து அண்ணன் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. லயன் ஆட்கள் பாதிச் சாமானை ஏற்றிவிட்டிருந்தார்கள். பீரோ, அரிசித் தவலை, தையல் மிஷின். பூரணம் அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் மூட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆளே பாதியாகிவிட்டார். வண்டியே இல்லாத இந்த நாட்களிலும் இரவில் எழுந்து எழுந்து வாசலுக்கு ஓடுகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"ஏண்ணே விசாரணையில அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உங்க பையன் பன்னெண்டாவதுல்ல. எம் பிள்ளை சின்னதுதானே, எங்க வேணாலும் படிச்சுக்கும்." முடிச்சை இறுக்கினார். "கொழும்புக்கா போறோம், இந்தா கிணத்துக்கடவுல மச்சினன் இருக்கான்."

"மெக்கானிக் சொன்னத நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

"அது போகட்டும் சிஸ்டர்." கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதை மட்டும் உள்ளதச் சொல்லுங்க. செப்டம்பர்ல ஒரு நாள், நான் சாப்புடப் போனப்ப, வண்டி நின்னுச்சே. அது தானா நின்னுச்சா?"

எங்களுக்குள் கேட்டுக்கொள்ள என்னவெல்லாமோ இருந்தது. என்னை ஏன் காட்டிக்கொடுக்காமல் விட்டார் என்று நானும், ஏன் மறைத்தேன் என்று அவரும் நாள் முழுக்கப் பேசலாம். அவருக்கு இது ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்த டைரியில்கூட நான் அதை எழுதவில்லை.

"இல்லைண்ணே. நான்தான் அணைச்சேன். பேட்டரி நல்லா இருக்குன்னு நீங்க பாக்கணும்னு அணைச்சேன். நீங்க ஓடி வந்ததைப் பாத்ததும் பயந்து பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அது தானா நிக்கல" என்றார்.

"இல்ல."

"ஓடிக்கிட்டு இருக்கிறப்ப சும்மா நிக்கல."

"இல்லைண்ணே. சாவியத் திருப்பினேன், நின்னுச்சு. நீங்க திருப்பினீங்க, ஓடுச்சு."

"சரி" என்றார். மூட்டையைத் தள்ளிவிட்டு, காலியாகிக் கிடந்த வீட்டுக்குள் போய், வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். மூச்சு விடுவதற்குள் தூங்கிவிட்டார். ஜீப்காரர் ஹாரன் அடித்தார். பூரணம் அக்கா வெளியே வந்து, அடிக்காதீங்க என்று கையைக் காட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"இத அன்னிக்கே சொல்லிருந்தா, எம் புருசன் வீட்டுல படுத்துருப்பாரே ரெஜினா."

நான் நேராக மேனேஜர் ஆபீஸுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வண்டியை அணைக்காதே என்று சொன்னது நான், சென்னியப்பன் சொன்னது என்னிடம் மட்டும், தவசிமுத்துவுக்கு எதுவும் தெரியாது, நான் மறைத்தேன், டீசல் கணக்கில் சொன்னதும் பொய் என்று வரிசையாகச் சொன்னேன். ஒருமுறை தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

"இத ஏம்மா விசாரணையில சொல்லல?"

"வீடு சார்" என்றேன்.

அவரும் கம்பெனி வீட்டில்தான் இருக்கிறார். அதற்கு மேல் கேட்கவில்லை. சென்னியப்பனுக்குப் போன் போட்டு, யாரிடம் சொன்னாய் என்று கேட்டார். அக்காகிட்டத்தானுங்க என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. மறுபடி விசாரணை வைக்க வேண்டும், அதுவரைக்கும் தவசிமுத்து வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்றார். நாளை முதல் நான் டியூட்டிக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். வெள்ளையம்மாள் வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். என் வீட்டை எப்போது கேட்பார்கள் என்று தெரியவில்லை. ஆல்வினிடம் இன்னும் சொல்லவில்லை, இன்று ராத்திரியே சொல்ல வேண்டும்.

ஜீப் இன்னும் அங்கேயே நின்றது. விஷயத்தைச் சொன்னதும் லயன் ஆட்கள் சாமான்களை இறக்கத் தொடங்கினார்கள். பூரணம் அக்கா வாசலில் நின்றுகொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு, தூங்குகிற அண்ணனின் தலைமாட்டைச் சுற்றிப் போனார்கள். பீரோவைத் தரையில் இழுக்காமல் நான்கு பேர் தூக்கி வைத்தார்கள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக நான் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினேன். பூரணம் அக்கா என்னிடம் பேசவில்லை, ஆனால் பாத்திரத்தை என் கையில்தான் கொடுத்தார்.

அண்ணன் புரண்டுகூடப் படுக்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் எழுந்தார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, சாமி படங்கள் சுவரில் ஏறியிருந்தன, சின்ன மகள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"ஏட்டி, இன்னும் ஜீப்பு வரலையா?" என்றார்.